அகீலாவின் ‘பொறகு’ பட்டியல்

மடவளையில், பள்ளிவாசலுக்குப் பின்னால் இறங்கும் பாதையில் இருந்த அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. யாராவது ஒருவர் பகிடி விடுவார். உடனே வீடே சேர்ந்து சிரிக்கும். அகீலா மட்டும் கொஞ்சம் பிந்திச் சிரிப்பாள்.

அகீலாவுக்கு ஒன்பது வயது. நான்கு வயதில் வந்த கடும் காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குக் காது கேட்பதில்லை. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். ஆனால் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எந்த உதட்டைத்தான் பார்ப்பது? அதனால் முதலில் எல்லோருடைய முகத்தையும் சுற்றிப் பார்ப்பாள். சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் தானும் சிரிப்பாள். பிறகு பக்கத்தில் இருக்கும் ராத்தாவின் சட்டையை இழுத்து, “என்ன?” என்று கேட்பாள்.

ராத்தா என்றால் அக்கா. அவள் பெயர் ஷஹ்மா, வயது பதினொன்று.

“பொறகு சொல்றேன்” என்பாள் ஷஹ்மா.

ஷஹ்மா பொய் சொல்லும் பிள்ளை இல்லை. சொல்லத்தான் நினைப்பாள். ஆனால் அந்தப் ‘பொறகு’ வருவதற்குள் வேறு நூறு வேலைகள் வந்துவிடும். அவர்களுடைய உம்மா கைரியாவும் அப்படித்தான். பக்கத்து வீட்டு இப்திகார் சாச்சாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பகிடி விடுவதிலும் அவர்தான் முதல் ஆள், ‘பொறகு சொல்றேன்’ என்று நழுவுவதிலும் அவர்தான் முதல் ஆள்.

நோன்பு மாதத்தில் ஒரு நாள், அழிறப்பர் தேடி அகீலாவின் புத்தகப் பையைத் திறந்தாள் ஷஹ்மா. உள்ளே ஒரு நீல நிறக் கொப்பி இருந்தது. முதல் பக்கத்தில் அழகான எழுத்தில் ஒரு தலைப்பு: ‘பொறகு சொல்றதாகச் சொன்னவை.’

ஷஹ்மா கீழே வாசித்தாள்.

‘1. போன பெருநாளைக்கு வாப்பா வீடியோவில் சொன்ன கதை.

2. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் கண்டக்டர் சொன்னது. பஸ் முழுக்கச் சிரித்தது.

3. சாச்சா ஏன் கதிரையோடு விழுந்தார்?’

இப்படியே போய் இருபத்து மூன்றில் நின்றது. எதற்கும் பதில் எழுதப்படவில்லை. ஷஹ்மாவின் முகம் சூடாகிவிட்டது. கண்டக்டர் என்ன சொன்னார் என்று யோசித்துப் பார்த்தாள். அவளுக்கே ஞாபகம் இல்லை. இனி அதை யாராலும் அகீலாவுக்குச் சொல்ல முடியாது. அதை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

ஆனால் முதலாவது அப்படி இல்லை. அந்த வீடியோ இன்னும் உம்மாவின் போனில் இருந்தது.

அவர்களுடைய வாப்பா பளீல் கத்தாரில் ஒரு ஹோட்டலின் பஸ் ஓட்டுகிறார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் ஒரு வீடியோ அனுப்புவார். அதில் ஒரு கதை கட்டாயம் இருக்கும். பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் வட்டலப்ப இனிப்புத் தட்டுகளோடு எல்லோரும் உம்மாவின் போனைச் சுற்றிக் குவிவார்கள். பத்துத் தலைகளுக்கு நடுவே சின்னப் போனில் அகீலாவுக்கு என்ன தெரியும்? போதாக்குறைக்கு, வாப்பா போன வருடம் நீண்ட தாடி வேறு வளர்த்துவிட்டார். உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அடுத்த பெருநாளுக்கு இன்னும் இரண்டு கிழமைகள் இருந்தன. இந்தத் தடவை எல்லோரும் சிரிக்கும் அதே நேரத்தில் அகீலாவும் சிரிக்க வேண்டும். ஷஹ்மா மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

சாச்சாவின் மகன் ஸிபான் அவளுக்கு நானா, அதாவது அண்ணன் முறை. அவருக்குக் கட்டுகஸ்தோட்டையில் போன் திருத்தும் கடை இருக்கிறது. அங்கே ஓடும் படங்களில், ஆட்கள் பேசப் பேச அந்தப் பேச்சு கீழே எழுத்தாகவும் வரும். வாப்பாவின் வீடியோவிலும் அப்படி எழுத்து வந்தால்? அதுவும் பெரிய டீவியில் வந்தால்?

டீவி இருந்தது. ஆனால் அது முதுகு பெருத்த பழைய டீவி. பென் டிரைவ் குத்துவதற்கு அதில் இடமே கிடையாது. ஷஹ்மா ஸிபான் நானாவுக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார்.

“உங்கட வீட்டு அலுமாரிக்கு மேல கறுப்புப் பெட்டி ஒண்டு ஈக்கி, தெரியுமா?”

“உம்மா பூச்சாடி வெச்சிருக்கிற பெட்டியா?”

“அதேதான். அதை இறக்கு.”

அது ஒரு கேம் பெட்டி. முன்பு ஒரு தடவை லீவில் வந்தபோது வாப்பா கொண்டுவந்தது. ஸிபான் நானா அந்தக் காலத்திலேயே அதைத் திறந்து, உள்ளே சில மாற்றங்கள் செய்து, வேறு மென்பொருள்களும் ஓடும்படி ஆக்கிவிட்டார். கன்ட்ரோலர் வயர் ஒன்றை வெட்டிப் பென் குத்த இடமும் செய்திருந்தார். கார் ஓட்டும் விளையாட்டு எல்லோருக்கும் அலுத்த பிறகு, அந்தப் பெட்டி பூச்சாடி தாங்கும் வேலைக்குப் போய்விட்டது.

அடுத்த நாள் ஸிபான் நானா தன் பழைய லாப்டொப்பை இரவல் கொடுத்தார். மீடியா சென்டர் என்ற மென்பொருளை எங்கே எடுப்பது, பெட்டிக்குள் எப்படிப் போடுவது என்றெல்லாம் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அந்த மென்பொருள் உள்ளே போய்விட்டால், கேம் பெட்டி வீடியோ காட்டும் பெட்டியாக மாறிவிடுமாம். கடைசி வரியை மட்டும் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்: ‘மென்பொருள் ஏறும்போது கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும்.’

ஷஹ்மா வேலையைத் தொடங்கினாள். பெட்டி லேசில் வழிக்கு வரவில்லை. புதிய பெரிய பென்னைக் குத்தினால் அது கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் சாச்சாவின் சாவிக் கொத்தில் தொங்கிய, எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு சின்னப் பென்னைத்தான் ஏற்றுக்கொண்டது. டீவியில் ஒரு பச்சைக் கோடு தோன்றி, ஆமை வேகத்தில் நகர ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து உம்மா பிளெண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். குசினி ப்ளக் பழுதாகி இருந்ததால், டீவி இருக்கும் இந்த ஒரே ப்ளக்தான் எல்லாவற்றுக்கும்.

“பாங்கு சொல்ல இன்னும் பதினஞ்சு நிமிசந்தான் ஈக்கி மகள். பப்பாசி அப்படியே கிடக்கு. ஜூஸ் அடிக்கணும், அதைக் கழட்டு.”

“இப்ப கழட்டினா பெட்டி செத்துடும் உம்மா.”

உம்மா பச்சைக் கோட்டைப் பார்த்தார். அது பாதி வழிதான் வந்திருந்தது. ப்ளக்குக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஷஹ்மா நின்றாள். அவள் பக்கத்தில், என்ன ஏது என்று கேட்காமலே, அகீலாவும் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். உம்மா பெருமூச்சு விட்டுப் பிளெண்டரைத் திருப்பிக் கொண்டுபோனார்.

அன்று நோன்பு திறக்கும்போது எல்லோருக்கும் ஜூஸுக்குப் பதிலாகப் பப்பாசித் துண்டுகள் கிடைத்தன. அதைப் பார்த்துச் சாச்சா ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அகீலா முகங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பிந்திச் சிரித்தாள்.

ஷஹ்மா வாயிலிருந்த பேரீச்சம்பழத்தை அவசரமாக விழுங்கினாள். அகீலாவின் பக்கம் திரும்பி, “‘இந்த ஜூஸைக் கடிச்சுத்தான் குடிக்கணுமா’ன்னு சாச்சா கேக்குறார்” என்றாள். அகீலா இன்னொரு தடவை சிரித்தாள். அந்தச் சிரிப்பு முதல் சிரிப்பைப் போல இல்லை. அது உண்மையான சிரிப்பு. பட்டியலில் இருபத்து நான்காவது எழுதப்படவில்லை.

பெட்டி தயார். அடுத்த வேலை எழுத்து. அது எப்படி என்பதும் தாளில் இருந்தது. வாப்பா பேசுவதை லாப்டொப்பில் வரி வரியாக அடிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மேலே, எத்தனையாவது செக்கனில் வர வேண்டும், எத்தனையாவது செக்கனில் போக வேண்டும் என்று நேரம் போட வேண்டும். வீடியோவுக்கு என்ன பெயரோ அதே பெயரை எழுத்துக் கோப்புக்கும் வைக்க வேண்டும். அப்போதுதான் பெட்டி இரண்டையும் சேர்த்துக் காட்டும்.

முதலில் போன வருட வீடியோவில் செய்து பார்க்கலாம் என்று நினைத்தாள் ஷஹ்மா. இரண்டு நாள் உட்கார்ந்து அடித்து முடித்தாள். வெளியே விளையாடிவிட்டு வந்த அகீலாவைக் கூப்பிட்டு, டீவிக்கு முன்னால் உட்கார வைத்துப் பெட்டியைப் போட்டாள்.

வாப்பா வந்தார். வாய் திறந்தார். கீழே எழுத்தும் வந்தது. எழுத்தா அது? வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரங்கள்.

அகீலா அவற்றை உற்றுப் பார்த்தாள். “எனக்கு வாசிக்கத் தெரியல்ல. உனக்கு?” என்றாள்.

ஷஹ்மா வீடியோவை மறுபடியும் போட்டாள். அதே சதுரங்கள். எங்கே பிழை? ஸிபான் நானாவுக்குப் போன் எடுத்தாள். நோன்புக் காலத்துக் கடைச் சனத்தில் அவர் எடுக்கவில்லை. தாளைத் தலைகீழாகப் பார்த்தாலும் சதுரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கொஞ்ச நேரம் கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். பாடசாலைக் கணினி அறையிலும் ஒரு நாள் இப்படித்தான் நடந்தது. தமிழ்க் கட்டுரை முழுக்கச் சதுரமாக வந்தது. அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று சொல்லி, டீச்சர் இன்னொரு கணினியிலிருந்து அதைக் கொண்டுவந்து போட்டார். அப்படியென்றால் இந்தப் பெட்டிக்கும் தமிழ் தெரியாது. பாவம், யாராவது கொடுத்தால்தானே அதற்கும் தெரியும்?

லாப்டொப்பில் தமிழ் எழுத்துரு இருந்தது. அதைப் பென்னில் ஏற்றிப் பெட்டிக்குள் போட்டாள். மெனுவில் ஒவ்வொன்றாகத் தட்டித் தேடி, அந்த எழுத்துருவைத் தெரிவு செய்தாள். திரும்பவும் வீடியோவைப் போட்டாள்.

‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று பளிச்சென்று தமிழில் வந்தது. அகீலா கை தட்டினாள். ஷஹ்மாவுக்குத் தான் இரண்டு அடி வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் அந்தச் சந்தோசம் ஒரு நிமிடம்தான். அகீலாவின் நெற்றி சுருங்கியது. நீலக் கொப்பியை எடுத்து வந்து எதையோ எழுதி நீட்டினாள்.

‘பகிடி எங்கே?’

ஷஹ்மா டீவியைப் பார்த்தாள். அங்கே அவளே அடித்த வரி நின்றது: ‘வாப்பா ஒரு பகிடி சொல்கிறார்.’ அடுத்த வரி: ‘வாப்பா சிரிக்கிறார்.’

வாப்பா இழுத்து இழுத்துப் பேசுபவர். அத்தனையையும் அடித்தால் கை வலிக்கும் என்று, முக்கியமானதை மட்டும் சுருக்கிப் போட்டிருந்தாள் ஷஹ்மா. அகீலாவுக்கு அது போதும் என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

அகீலா மறுபடியும் எழுதினாள். ‘வாப்பா பகிடி சொல்றது எனக்கும் தெரியுது. என்ன சொல்றார்? எனக்கு எல்லாம் வேணும். இருமினால் இருமலும் வேணும்.’

ஷஹ்மாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ‘பொறகு சொல்றேன்’ என்று வாயால் சொல்வதை விட்டுவிட்டு, அதையே எழுத்தில் செய்திருக்கிறாள். எவ்வளவு பெரிய மடத்தனம்.

“எனக்கு மூணு நாள் தா” என்றாள்.

மூன்றாம் நாள் வாப்பாவின் கதை முழுவதுமாக ஓடியது. ஒரு பெரிய துணிக்கடையில் வாப்பாவுக்கு வழி தவறிவிட்டதாம். அங்கே நின்ற ஒருவரிடம் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டாராம். மறுமொழி இல்லை. மூன்று தரம் கேட்டும் பேச்சே இல்லை. கோபத்தோடு கையைப் பிடித்து இழுத்தாராம். கை கழன்று வந்துவிட்டது. பார்த்தால், அது சட்டை போட்டு நிறுத்தியிருந்த பொம்மை.

அகீலா விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வருடம் பிந்திய சிரிப்பு. சிரித்து முடித்ததும், “பாவம் ராத்தா, அதுக்கும் என்னைப் போல காது கேக்காது போல” என்றாள். இப்போது ஷஹ்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

நீலக் கொப்பியில் முதலாவது வரியை அகீலா ஒரு கோடு போட்டு வெட்டினாள்.

கத்தாரில் பெருநாள் பெரும்பாலும் இங்கே வருவதற்கு ஒரு நாள் முந்தியே வந்துவிடும். அந்த வருடமும் அப்படித்தான். இங்கே இருபத்தொன்பதாவது நோன்பு நடந்துகொண்டிருந்தபோது, வாப்பா அங்கே பெருநாள் கொண்டாடிவிட்டுப் பகல் ஒரு மணிக்கு வீடியோவை அனுப்பினார். அதை யாரும் இப்போது திறக்கக் கூடாது என்று உம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அறைக் கதவைச் சாத்தினாள் ஷஹ்மா.

ஆறு நிமிட வீடியோ. பழைய வீடியோவுக்கு மூன்று நாள் எடுத்தவளுக்கு இது எத்தனை நாள் எடுக்கும்? பிறை தெரிந்தால் நாளைக்கே பெருநாள். மாலையில் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறை தெரிய வேண்டும் என்று எல்லோரும் துஆ கேட்க, ஷஹ்மா மட்டும் மலைக்கு மேல் திரண்டு நின்ற மேகத்தைப் பார்த்து மகிழ்ந்தாள். மடவளையில் பிறை தெரியவில்லை. ஆனால் வேறோர் ஊரில் தெரிந்துவிட்டதாக வானொலி அறிவித்தது. பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு ஓட, ஷஹ்மா லாப்டொப்பிடம் ஓடினாள்.

உம்மா மருதாணிக் கிண்ணத்தோடு வந்தபோது, இடது கையை மட்டும் நீட்டினாள். வலது கை அடித்துக்கொண்டே இருந்தது. வாப்பா இருமினால், ‘(இருமல்)’. தெருவில் வாகனம் போனால், ‘(வெளியே ஒருவர் ஹோர்ன் அடிக்கிறார்)’. எதையும் விடவில்லை. படுக்கப் போகுமுன் கதை வரும் இடம் வரை முடித்துவிட்டாள். மிச்சத்தை விடியற்காலையில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

கதையின் கடைசி வரியில் அவள் கை நின்றது. வாப்பா அந்த இடத்துக்கு வரும்போது தன் கதைக்குத் தானே சிரிக்க ஆரம்பிக்கிறார். சிரிப்பை அடக்கி மூச்சு வாங்க நாலு செக்கன் எடுக்கிறார். பிறகுதான் மிச்சத்தைச் சொல்கிறார். வரியை எப்போது போடுவது? அவர் வாய் திறக்கும்போதா? ஷஹ்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, அவர் சிரிக்கத் தொடங்கும் செக்கனையே எழுதினாள். இத்தனை வருடமாக அகீலா பிந்தி நின்றாள். ஒரு நாலு செக்கன் முந்திப் போனால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். ஸிபான் நானாவும் வந்தார். வட்டலப்பத் தட்டுகளோடு கதிரைகளிலும் பாயிலுமாக உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை போனைச் சுற்றி யாரும் குவியவில்லை. கறுப்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. முதுகு பெருத்த டீவி முழுக்க வாப்பாவும் அவருடைய தாடியும் தோன்றினார்கள்.

கீழே எழுத்து ஓடியது. “இதென்ன புதினம்” என்றார் சாச்சா. மற்றவர்கள் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. காதுதான் கேட்கிறதே என்று வாப்பாவின் முகத்தையே பார்த்தார்கள். அகீலா மட்டும் கண் இமைக்காமல் வாசித்தாள். ஹோர்ன் சத்தம் வந்தபோது, வாப்பாவின் தெருவில் கூட யாரோ ஹோர்ன் அடிக்கிறார் என்று ஆச்சரியத்தோடு உம்மாவுக்குச் சொன்னாள்.

வாப்பா கதையைத் தொடங்கினார். பெருநாளைக்குத் தன் அறை நண்பர்களுக்கு அவரே வட்டலப்பம் அவித்தாராம். முட்டை போட்டேன், தேங்காய்ப்பால் ஊற்றினேன், கருப்பட்டி கரைத்தேன் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். அது இறுகவே இல்லையாம். தண்ணீராகவே இருந்ததாம். என்ன செய்வது, அப்படியே கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தாராம்.

“எல்லாரும் குடிச்சாங்க. ஒரு சத்தமும் இல்ல. அப்ப எங்கட ஸைத் எழும்பி…” என்று சொன்ன வாப்பா, சிரிக்க ஆரம்பித்தார்.

கீழே வரி வந்து நின்றது: ‘“கஞ்சி நல்லா ஈக்கி பளீல் நானா. வட்டலப்பம் எப்ப வரும்?” எண்டு கேட்டாரு.’

அகீலா வெடித்துச் சிரித்தாள்.

வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் திகைத்துப்போய் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். உம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ஷஹ்மா மட்டும் பாயின் ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

அப்போதுதான் வாப்பா மூச்சை வாங்கி மிச்சத்தைச் சொன்னார். வீடே சிரிப்பில் குலுங்கியது. உம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஸிபான் நானாவுக்குப் புரையேறிவிட்டது.

இப்திகார் சாச்சாதான் பாவம். அகீலா ஏன் சிரிக்கிறாள் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில், அந்தக் கடைசி வரியைக் கோட்டைவிட்டுவிட்டார். டீவியில் எழுத்தும் போய்விட்டது. அவர் எல்லோருடைய முகத்தையும் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் சிரிப்பதைக் கண்டு தானும் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். பிறகு மெதுவாக அகீலாவின் சட்டையை இழுத்து, “என்ன?” என்று கேட்டார்.

அகீலா டீவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“பொறகு சொல்றேன், சாச்சா” என்றாள்.